புல்லைப் படிக்கட்டும் அவள்

ஐயா, உங்கள் கடிதம் படித்தேன். கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்த மகள், பதினோராம் வகுப்பில் "காட்டுத்தீ பற்றிப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் தூக்கம் கெடும். உங்கள் கவலை நியாயம்தான். ஆறுதல் இத்தோடு போதும்.

அவள் பெரியப்பா பரிந்துரைக்கும் தனியார் பல்கலைக்கழகக் கணினிப் பட்டத்துக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்காண்டுக்கு 3,20,000. வீட்டின் மேல் கடன் வாங்கப்போவது நீங்கள், பெரியப்பா அல்ல. அவளுக்கோ கணினியில் நாட்டமே இல்லை. இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் மனைவி பயப்படுவது தீயணைப்பு வேலையை நினைத்து. உங்கள் மகளிடம் நான் பேசியபோது இருபது நிமிடம் புல்லைப் பற்றித்தான் சொன்னாள். பழைய தொலைபேசிப் புத்தகத்துக்குள் புல் காயவைக்கிற பெண்ணுக்கு ஏற்ற படிப்பு ஒன்று உண்டு: மேய்ச்சல் நில மேலாண்மை.

தீ என்றதும் எல்லோரும் காட்டைத்தான் நினைக்கிறார்கள். 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவின் போல்டர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்த தீ புல்வெளியில் ஓடிவந்தது. நெவாடா, ஐடஹோ பக்கம் சீட்கிராஸ் என்றொரு வந்தேறிப் புல் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் முளைத்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து, சேஜ்பிரஷ் புதர்களின் இடைவெளியையெல்லாம் அடைத்துவிடும். தீ அதன் வழியே புதருக்குப் புதர் தாவும். எரிந்த பெரிய சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்ப்பதில்லை. சீட்கிராஸோ முதல் ஆளாக வந்து நிற்கும். அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வரும்.

இந்தச் சுழலை உடைப்பதுதான் மேய்ச்சல் நில மேலாண்மை படித்தவர்களின் வேலை. சதுரச் சட்டத்துக்குள் புல்லை வெட்டி, உலர்த்தி, எடைபோட்டு, எத்தனை மாடு, எந்த மாதம், எத்தனை நாள் என்று கணக்கிடுவார்கள். புல் பச்சையாக இருக்கும்போதே மேய்த்தால் கோடைத் தீக்கு இரை குறையும். அளவு மீறினால் மண்ணின் சொந்தப் புல்லும் அழியும். எரிந்த இடத்தில் விதை தூவி, மாட்டை வெளியே நிறுத்திக் காத்திருக்கவும் தெரிய வேண்டும்.

நீங்கள் காங்கேயத்துக்காரர். கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு, துண்டு துண்டாக மாற்றி மாற்றி மேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மாட்டை வளர்க்கும் கொழுக்கட்டைப் புல்லும், அரிசோனாவில் தீயைப் பரப்பிச் சகுவாரோ கள்ளிகளைச் சாகடிக்கும் பஃபல்கிராஸும் ஒரே இனம். உங்கள் மகளுக்கு இது தெரியும், உங்களுக்குத் தெரியுமா?

ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ ஊரிலுள்ள ஐடஹோ பல்கலைக்கழகத்தில் தீச்சூழலியலும் மேய்ச்சல் நிலப் பாடங்களும் உண்டு. மேற்கு மாநிலங்களின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைத்தால், உள்ளூர் மாணவர் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். விண்ணப்பிக்கும்போதே இதைப் பற்றிக் கேளுங்கள். அமெரிக்க ஒன்றிய அரசின் மேய்ச்சல் நில நிபுணர் பணிக்குத் தொடர்புடைய பாடங்களில் 42 செமஸ்டர் மணி (கல்லூரிப் பாட அளவின் அலகு) வேண்டும்; அதில் மேய்ச்சல் நிலப் பாடம் மட்டும் 18. முதலாண்டிலேயே இதைக் கணக்குப் பார்த்துப் பாடம் எடுக்காதவர்கள் கடைசியில் தவிக்கிறார்கள்.

சம்பளம் மென்பொருள் நிறுவனத்துக்கு ஈடாகாது. 2025-இல் ஒன்றிய அரசு பெரிய அளவில் ஆட்குறைப்பும் செய்தது. அதனால் மாநிலத் துறைகள், பழங்குடி அரசுகள், நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைகள் பக்கமும் அவள் கோடைப் பயிற்சி தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு ஒன்றிய அரசுப் பணி பெரும்பாலும் கிடைக்காது. இவளைப் பார்த்துக் கோவையிலிருக்கும் உங்கள் தம்பி மகனும் கடன் வாங்கிக் கிளம்ப வேண்டாம்.

பெரியப்பா அடுத்த முறை அழைக்கும்போது தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். கொழுக்கட்டைப் புல்லிலிருந்து ஆரம்பிக்கட்டும்.