லீவு சம்பளம் தப்பாகிப் போனது. பழைய ரிஜிஸ்டரில் கை வைக்காதீர்கள்

கேள்வி: அம்பத்தூரில் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறேன், 62 தொழிலாளர்கள். பதினான்கு வருடம் வேலை பார்த்த ஒருவர் 2025 ஜூலையில் தானாக விலகினார். அவர் மகள் கல்யாணத்துக்கு வட்டியில்லாமல் பணம் கொடுத்தவன் நான். கணக்கு முடித்து, ரெவின்யூ ஸ்டாம்பில் ‘பாக்கி ஏதுமில்லை’ என்று கையெழுத்தும் வாங்கினோம். இப்போது லீவு சம்பளம் (எடுக்காத லீவுக்கான பணம்) குறைவு என்று ரூ.21,000 கேட்டு மனு போட்டிருக்கிறார். எங்கள் பேரோல் சாஃப்ட்வேர் பேசிக்கையும் டி.ஏ.வையும் கூட்டி 30-ஆல் வகுத்து, நாளுக்கு ரூ.400 போட்டிருக்கிறது. மாதா மாதம் தரும் ஷிஃப்ட், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் ரூ.6,000-ஐ ‘ஓவர்டைம்’ என்று பெயர் மாற்றி, பழைய மாதங்களுக்குப் புது ரிஜிஸ்டர் எடுத்துத் தருவதாகச் சாஃப்ட்வேர்க்காரர் சொல்கிறார். அதைத் தாக்கல் செய்யலாமா? நன்றி மறந்த இவர்மீது நான் என்ன வழக்குப் போடலாம்?

பதில்: அவர்மீது போட வழக்கு எதுவும் இல்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த பணமும் பதினான்கு வருடப் பழக்கமும் மனுவை விசாரிக்கும் அதிகாரி முன் எடுபடாது. சாஃப்ட்வேர்க்காரர் தப்புச் செய்திருந்தால் அதை அவரோடு தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளிக்குச் சம்பளம் தரவேண்டியவர் நீங்கள். இந்த மனுவில் கேள்வி ஒன்றுதான்: எதை எதால் வகுத்தீர்கள்?

அவர் விலகியது 2025 ஜூலை. அதனால் அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 80-தான் பொருந்தும். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கும்படி அதில் எங்கும் இல்லை. முந்தைய மாதத்தில் அவர் உண்மையில் வேலை பார்த்த நாட்களுக்குக் கிடைத்த முழுநேர வருமானம் மொத்தத்தையும் எடுத்து, அந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஓவர்டைமையும் போனசையும் கழிக்கலாம். பஞ்சப்படி (டி.ஏ.) சேரும். மாதா மாதம் நீங்கள் கொடுத்துவந்த ஷிஃப்ட், அட்டென்டன்ஸ் அலவன்ஸும் சேரும். நீங்கள் அனுப்பிய 2025 ஜூன் பே ஸ்லிப்பில் மொத்தம் ரூ.18,000, வேலை பார்த்த நாள் 25. ஆக, ஒரு நாளுக்கு ரூ.720.

நீங்கள் கவனிக்காத இன்னொரு தப்பும் அதே ஸ்லிப்பில் இருக்கிறது. 2025-க்கு லீவு பூஜ்யம் என்று வந்திருக்கிறது. அவர் 240 நாள் முடிக்கவில்லை என்று சாஃப்ட்வேர் தள்ளிவிட்டது. வேலையில் இருப்பவருக்கு அது சரி. நடுவில் விலகியவருக்கு 240 நாள் நிபந்தனை இல்லை. 20 நாளுக்கு ஒன்று என்று கொடுத்தாக வேண்டும் என்கிறது பிரிவு 79. அவர் அந்த வருடம் 160 நாள் வேலை பார்த்திருக்கிறார். எட்டு நாள் லீவு. பழைய இருப்பு 30. மொத்தம் 38 நாள், ரூ.27,360. கொடுத்தது ரூ.12,000. பாக்கி ரூ.15,360. அவர் கேட்கும் ரூ.21,000-இல் ஓவர்டைமையும் சேர்த்திருக்கிறார். அந்த அளவுக்கு மட்டும் கவுன்டரில் (உங்கள் பதில் மனுவில்) மறுக்கலாம்.

ஸ்டாம்பில் வாங்கிய கையெழுத்தை மறந்துவிடுங்கள். அப்போது அமலில் இருந்த ஊதியம் வழங்கல் சட்டம் 1936, பிரிவு 23-இன்படி, இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் செல்லாது.

இனி, நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த ‘புது ரிஜிஸ்டர்’ வரியைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

இன்றைய நிலையில் உங்களுக்கு நல்ல பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. கொடுக்காமல் விட்ட லீவு சம்பளத்தைத் தாமதமான சம்பளமாகவே அவர் விலகியபோது இருந்த சட்டம் பார்க்கிறது. அதற்கு இழப்பீடு குறைந்தது ரூ.1,500, அதிகம் போனால் ரூ.3,000. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால் அதுவும் கிடையாது. 30-ஆல் வகுத்த செட்டிங் அப்படிப்பட்ட பிழைதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி வகுத்திருப்பதே அதற்குச் சாட்சி. ரிஜிஸ்டரைத் திருத்திய நிமிடமே அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதன்பிறகு பிழை என்று உங்களால் வாய் திறக்க முடியாது.

இதே பள்ளத்தில் விழுந்த ஒருவருக்கு நான் ஆஜராகியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் மூன்று வருட ரிஜிஸ்டரைப் புதிதாக அச்செடுத்துக் கொண்டுவந்தார். எல்லாப் பக்கமும் பளிச்சென்று இருந்தன. மனுதாரர் அப்போது ஹெல்பர். ஆனால் சாஃப்ட்வேர் இன்றைய மாஸ்டர் பட்டியலிலிருந்து பதவியை எடுத்ததால், மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்திலும் ‘சூப்பர்வைசர்’ என்று அச்சாகியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தையும், தொழிலாளி போனில் வைத்திருந்த அந்த மாதத்து ஸ்லிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதில் எது உண்மை?” என்று மட்டும் கேட்டார். கட்சிக்காரருக்குப் பேச்சு வரவில்லை. கூண்டில் அவர் நின்ற நிலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக வந்த மனுஷர் அவர்.

பழைய ஸ்லிப் தொழிலாளியிடம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் வரவு இருக்கிறது. உங்கள் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்றால், 1.4.2023 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் கூடாது என்பது விதி. சம்பளப் பதிவும் அதில்தான் போய் உட்காருகிறது. விசாரணையில் தாக்கல் செய்வதற்காகப் பொய் ஆவணம் உண்டாக்குவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சாஃப்ட்வேர்க்காரர் உங்களோடு கூண்டேற மாட்டார். ‘ஓனர் சொன்னார், செய்தேன்’ என்பார்.

அதனால் சமரசம் செய்யுங்கள். அடுத்த வாய்தாவில் ரூ.15,360-க்கு டி.டி. எடுத்துப் போய், அதிகாரி முன் இரு தரப்பும் கையெழுத்திட்ட மெமோ தாக்கல் செய்து, அதை உத்தரவில் பதியச் சொல்லுங்கள். வெளியே பேசி முடித்து இன்னொரு ஸ்டாம்ப் பேப்பர் வாங்க வேண்டாம். அதன் கதி மேலே சொன்னதுதான். இரண்டு மூவாயிரம் கூடக் கேட்டாலும் கொடுத்து முடியுங்கள். வழக்கை நடத்தினால் வக்கீல் ஃபீஸே அதைவிட அதிகமாகும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம், மற்ற 61 பேர். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஒரே மனுவாகப் போடச் சட்டம் இடம் தருகிறது. பழைய சட்டத்தில் அதற்கு 12 மாதம்தான் அவகாசம், 21.11.2025-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பில் மூன்று ஆண்டு. எல்லோருக்கும் கணக்குப் போட்டு, வித்தியாசத்தை இந்த மாதச் சம்பளத்தில் ‘லீவு சம்பள வித்தியாசம்’ என்று தனித் தலைப்பில் கொடுங்கள். பழைய மாதம் பழையபடியே இருக்கட்டும். 21.11.2025-க்கு முன், பின் என்று சாஃப்ட்வேரில் இரண்டு விதி தனித்தனியாக வேண்டும். புதிய தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்பதன் வரையறை வேறு. 240 நாளும் 180 ஆகக் குறைந்துவிட்டது.

இன்று மாலைக்குள் இரண்டு வேலை. இப்போது இருக்கும் டேட்டாவை முழுதாக பேக்கப் எடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். சாஃப்ட்வேர்க்காரரிடம் இருக்கும் ரிமோட் லாகின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர் ஏற்கெனவே எதையாவது மாற்றியிருந்தால், கவுன்டர் தாக்கல் செய்யும் முன் அதை வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.