பதில்: கோலாலம்பூர் செந்தூல் வாடகை வீட்டில் கார்பனை எங்கிருந்து குறைப்பது?

வணக்கம். சோலார் போட வழியில்லாத வாடகை அடுக்குமாடி, எல்லா விளக்கையும் எல்இடி ஆக்கியாயிற்று, இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கு மாற்றியது நல்லதுதான், ஆனால் கணக்கில் அது சில்லறை. தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் தயாராகிறது. ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டிக் கார்பன் டைஆக்சைடு வெளியாகும். அந்த ஒரு யூனிட்டைச் செலவழிக்க 10 வாட் பல்புக்கு 100 மணி நேரம் வேண்டும். உங்கள் பழைய ஏர்கோனுக்கு (ஏசிக்கு) ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும்.

என்னை உறுத்தியது, அந்த ஏர்கோனைப் பற்றிப் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரி: "வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறோம்." ஏர்கோனைக் குளிரவைக்கும் அந்த கேஸ் ஓட ஓடத் தீரும் பொருள் இல்லை. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. ஆர்410ஏ என்ற வகை கேஸ் அரை கிலோ காற்றில் போனால், பூமியைச் சூடாக்குவதில் சுமார் ஒரு டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம்! செம்புக் குழாய் சேரும் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று சர்வீஸ்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். சோப்பு நுரை தடவினால் கசிவில் குமிழி விடும். மெஷினையே மாற்றுவதென்றால், காற்றில் போனாலும் குறைவாகச் சூடாக்கும் ஆர்32 கேஸ், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் இன்வர்ட்டர் வகை, மின்சிக்கனத்துக்கு ஐந்து நட்சத்திரம். பழைய கேஸைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் உறிஞ்சி எடுக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு" என்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் கார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு. வேலை கேஎல் சென்ட்ரலில்தானே? செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகவே போகிறது. முதலில் வாரம் இரண்டு நாள் போய்ப் பாருங்கள்.