கார் விபத்தில் தப்பு யார்மேல் என்று நிரூபிக்க என்னென்ன ஆதாரம் சேகரிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: காரில் இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்பும்போது, பின்னாலிருந்து வலது பக்கமாகவே முந்த வந்த பைக், காரின் டிரைவர் பக்கக் கதவில் மோதிவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. கூடிய கூட்டம் கார்க்காரன்தான் பார்க்காமல் திருப்பினான் என்று சொல்லிவிட்டது. நாலு நாள் ஆகிறது, கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை, இனிமேல் என்ன செய்யலாம்.

நான் வக்கீல் இல்லை. மதுரையில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன், எம்.சி.ஓ.பி (விபத்து இழப்பீட்டு மனு) கட்டுகளைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அங்கே பார்த்தவரை, தப்பு செய்யாதவர்கள் தோற்றதற்குப் பெரும்பாலும் காரணம் ஆதாரம் இல்லாதது கிடையாது. இருந்த ஆதாரம் அழிகிற வரிசை தெரியாமல், கடைசியில் தேட வேண்டியதை முதலில் தேடிக்கொண்டு இருந்ததுதான். போலீஸ் காகிதங்கள் எங்கேயும் போகாது, அடுத்த மாதம்கூட வாங்கலாம். கேமரா பதிவு அப்படி இல்லை.

அதனால் இதைப் படித்து முடித்ததும் அந்த இடத்துக்குப் போங்கள். நாலு நாளில் டயர் தடம் போயிருக்கும், கண்ணாடித் தூளைப் பெருக்கியிருப்பார்கள், அதை விடுங்கள். சாலையைப் பார்த்தபடி எந்தெந்தக் கடையில், ஏடிஎம்மில், பெட்ரோல் பங்கில், வீட்டு கேட்டில் கேமரா இருக்கிறது என்று பாருங்கள். மோதிய இடம் தெரியாத கேமராவாக இருந்தாலும் பரவாயில்லை. நூறு மீட்டர் முன்னால் இருக்கிற மருந்துக்கடை கேமராவில் அந்த பைக் என்ன வேகத்தில் போனது, உங்கள் இண்டிகேட்டர் எரிந்ததா என்பது தெரிந்தால் அதுவே பாதி வழக்கு. கடை டிவிஆரில் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிது ஏறிவிடும். சின்ன டிஸ்க்கில் ஒரு வாரம், கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஒரு மாதம், அவ்வளவுதான்.

என் சொந்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. திண்டுக்கல் போகும் வழியில் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் ஏறி வந்த ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) என் காரின் முன்பக்கத்தைப் பெயர்த்துவிட்டது. இறங்கியதும் அந்த டிரைவர் சத்தமாகச் சொன்னது, "நான் நின்னுட்டு இருந்தேன், இவர்தான் வந்து இடிச்சார்." எதிரே ஒரு புரோட்டா கடை. கடைக்காரர் நல்ல மனுஷன், அண்ணே உள்ளே வந்து பாருங்க என்று மானிட்டரைப் போட்டுக் காட்டினார். வண்டி ராங் சைடில் வருவது தெளிவாக இருக்கிறது, ஆனால் திரையில் ஓடும் நேரம் உண்மையான நேரத்தைவிட நாற்பது நிமிஷத்துக்கு மேல் முந்தி இருந்தது. பொருத்திய நாளிலிருந்து யாரும் அதைச் சரி செய்யவே இல்லை. இதை அப்படியே விட்டால் எதிர்த் தரப்பு வக்கீல் "இது வேறு நேரத்தில் நடந்த வேறு சம்பவம்" என்று கேட்பார். அதனால் டிவிஆர் திரையில் ஓடுகிற நேரமும் பக்கத்தில் செல்போனில் சரியான நேரமும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள், அப்புறம் பதிவைக் கேளுங்கள்.

கேட்கும்போது, திரையை செல்போனால் வீடியோ எடுப்பது கடைசி வழி. டிவிஆரிலிருந்து அசல் ஃபைலைப் பென் டிரைவில் இறக்கித் தரச் சொல்லுங்கள், விபத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் சேர்த்து. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்காதீர்கள், வீடியோ சுருங்கித் தரம் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும் (முன்பு இதையே 65பி சான்றிதழ் என்பார்கள்). அந்தச் சான்றிதழில் ஒரு பகுதியைப் பதிவு இருந்த கருவியைக் கையில் வைத்திருக்கிறவரும், இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் கைரேகை மாதிரியான குறியீடு) குறிக்க வேண்டும். கடைக்காரரிடம் இன்றைக்கே கையெழுத்துக் கேட்டுப் பயமுறுத்தாதீர்கள். பெயர், நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வக்கீல் மூலமாகச் செய்யலாம்.

கடைக்காரர் தரமாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள். போலீஸ் வந்து அலைக்கழிக்கும் என்ற பயம் அவருக்கு, அதில் நியாயமும் இருக்கிறது. விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்கள்: இன்ன கடையில் கேமரா இருக்கிறது, இன்ன தேதி இன்ன நேரப் பதிவு அழிவதற்குள் கைப்பற்ற வேண்டும் என்று. பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94ஆவது பிரிவின் கீழ் அவர் எழுத்தில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அவர்கள் எடுக்காமலே விட்டாலும், நாங்கள் கேட்டோம் என்பதற்கு அந்தச் சீல் இருக்கும்.

உங்கள் காரில் டேஷ்கேம் இருந்தால், அல்லது உங்களுக்குப் பின்னால் வந்த யாராவது காரில் இருந்தால், மெமரி கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். அதுவும் சுழன்று சுழன்று பழையதை அழிக்கிற கருவிதான்.

அடுத்து கார். இன்னும் ஒர்க்‌ஷாப்பில் விடவில்லையே? மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து எழுதும் வரை கதவில் கை வைக்க விடாதீர்கள். அவர் அறிக்கையில் பிரேக் வேலை செய்ததா, இயந்திரக் கோளாறு காரணமா, எங்கெங்கே சேதம் என்றுதான் இருக்கும். தப்பு யார்மேல் என்று எழுதமாட்டார். ஆனால் உங்கள் விஷயத்தில் சேதம் எங்கே என்பதே பேசும். அடி முன் ஃபெண்டரில் விழுந்ததா, கதவின் நடுவிலா, பின் கதவுக்குப் பக்கத்திலா? பின்னால் போகப் போக, பைக் வந்து சேரும்போது கார் ஏற்கெனவே நன்றாகத் திரும்பிவிட்டிருந்தது என்று வாதிட இடம் இருக்கிறது. கீறல் எந்தத் திசையில் ஆழமாகத் தொடங்கி எந்தத் திசையில் மெலிகிறது, பைக்கின் பெயின்ட் எங்கே ஒட்டியிருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், இவற்றை ஓர் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். வெயிலில் எடுங்கள், ஃபிளாஷ் போட்டால் கீறல் தெரியாது.

நாளைக்கு வேறு யாருக்காவது உதவட்டும் என்று இதையும் சொல்கிறேன். விபத்து நடந்த உடனே எடுக்கும் படத்தில் எல்லோரும் நசுங்கிய பம்பரைத்தான் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது தரையை. மண்ணும் கண்ணாடியும் கொட்டிய இடம், டயர் தேய்ந்த கோடு, அது சாலையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது. வண்டிகள் கடைசியில் நின்ற இடத்தை மட்டும் வைத்து யார் கவனக்குறைவாக ஓட்டினார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கேரளத்து வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. மோதிய வேகத்தில் வண்டி எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும், சரிதானே? வண்டியை ஓரம் கட்டுவதற்கு முன் நாலு திசையிலிருந்தும் நாலு படம் எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அடிபட்டவரை முதலில் பாருங்கள், அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி காகிதங்கள். எஃப்ஐஆரை நடந்ததன் பதிவு என்று நினைக்கிறோம். அது யார் முதலில் போய்ப் புகார் கொடுத்தாரோ அவருடைய வாக்குமூலம், அவ்வளவுதான். பைக்காரரின் மாமாவோ மச்சானோ, நேரில் பார்க்காத ஒருவர், ஆஸ்பத்திரியில் கேட்டதை வைத்துக் கொடுத்த புகார்தான் பல கட்டுகளில் முதல் பக்கம். நீங்கள் இதுவரை உங்கள் பக்கத்தை எழுத்தில் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவில் இருக்கிறது. அன்றைக்கே 112க்கோ 108க்கோ நீங்கள் பேசியிருந்தால் அந்தக் கால் லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விட்டுவிட்டு ஓடவில்லை என்பதற்கு அதைவிடச் சுலபமான சாட்சி கிடையாது.

எஃப்ஐஆருக்கு அப்புறம் பார்வை மகஜர் (போலீஸ் இடத்தை நேரில் பார்த்து எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்). ஸ்கெட்ச் வரையும்போது கூட இருக்க முடிந்தால் இருங்கள். சாலையின் அகலம், மீடியன் இடைவெளி, மோதிய புள்ளி சாலையின் எந்த ஓரத்திலிருந்து எத்தனை அடி, இவை சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அளக்காமலே போட்ட ஸ்கெட்ச்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், வடக்கும் தெற்கும் மாறிய ஒன்றைக்கூட.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எழுதும் ஏஆர் காப்பியையும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) உங்கள் வக்கீல் கண்டிப்பாக வாங்க வேண்டும். அடிபட்டவர் வந்ததும் எப்படி நடந்தது என்று கேட்டு அதில் ஒரு வரி எழுதுவார்கள். யாரும் வழக்கை யோசிக்காத நேரத்தில் சொல்லப்பட்டது என்பதால் அந்த வரிக்குத் தனி மதிப்பு. "பைக்கிலிருந்து கீழே விழுந்ததில்" என்று கூட்டி வந்த நண்பன் வாய்க்கு வந்ததைச் சொல்லப்போய், உண்மையிலேயே லாரி இடித்த ஒருவர் அந்த ஒரு வரியை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடியதையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெட்டும் காகிதம் அது. குடித்திருந்த வாசனை இருந்தால் அதையும் அதில்தான் குறிப்பார்கள்.

சாட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடையில் நின்றவர், பூக்கட்டுகிற அம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த அண்ணன், அதே இடத்தில் தினமும் இருப்பவர்கள்தான் நல்ல சாட்சி. வழிப்போக்கரைக் கண்டுபிடிக்கவே முடியாது. 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு விபத்தில் உதவ வந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது, அதை எடுத்துச் சொன்னால் சிலர் பேச வருவார்கள். வாக்குமூலத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள், பிற்பாடு சொல்லிக் கொடுத்தது என்று ஆகிவிடும்.

பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் தப்பு என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. 2017 ஜனவரியில் கோவையில் நடந்த விபத்து ஒன்று: நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது, பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்தார், பின்னால் வந்த பஸ் அவர் காலில் ஏறிவிட்டது. தீர்ப்பாயம் கார் ஓட்டியவர்மேல் தப்பே இல்லை என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, பைக்குக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. அதே காட்சி, சதவீதம் மட்டும் மேல் கோர்ட்டுக்குப் போகப் போக மாறியது. காரணம், கார்க்காரர் சிக்னல் எதுவும் தராமல் நிறுத்தினாரா என்ற கேள்வி. உங்கள் வழக்கும் இண்டிகேட்டரில்தான் நிற்கும். முன்னால் போகிறவர் வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டு நடுவுக்கு வந்துவிட்டால் பின்னால் வருகிறவர் இடது பக்கமாகத்தான் கடக்கலாம். ஆனால் சிக்னல் போட்டீர்கள் என்பதற்கு உங்கள் வாய்வார்த்தையைத் தவிர ஏதாவது வேண்டும். முதலில் கேமராவைத் தேடுங்கள் என்று சொன்னது அதனால்தான்.

கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். அதனால் இங்கே விடுதலை ஆனாலும் அங்கே தப்பு உங்கள்மேல் என்று வரலாம். பைக்காரர் இழப்பீடு கேட்டு மனுப் போட விபத்து நடந்ததிலிருந்து ஆறு மாதம் என்று 166ஆவது பிரிவில் இருக்கிறது, ஆகவே சம்மன் இந்த வாரமே வரும் என்று பதறவும் வேண்டாம், வராது என்று தூங்கவும் வேண்டாம்.

வரும்போது வண்டி உரிமையாளர் என்ற முறையில் நீங்கள் முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சம்மனை அலமாரியில் போட்டுவிட்டு எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாத தரப்பு) ஆகிவிடுவார்கள். கம்பெனி வக்கீலிடம் ஓட்டியவர் இல்லை, கேமரா பதிவு இல்லை, போலீஸ் கட்டு மட்டும்தான் இருக்கும். ஓட்டியவரே சாட்சிக் கூண்டில் ஏறவில்லையே என்று நீதிபதி உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். சேகரித்ததை எல்லாம் ஒரு நகல் கம்பெனிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கு மெயிலில் பதில் வாங்கி வையுங்கள். கூப்பிடும் தேதியில் போய் ஏறி, இண்டிகேட்டர் போட்டது முதல் அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றியது வரை நீங்களே சொல்லுங்கள்.