எந்த மாதத்துத் தண்ணீர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவிரி பற்றி எனக்குத் திடமான கருத்துகள் உண்டு. கடலில் வீணாகும் நீரைத் தடுத்தாலே போதும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் யாராவது இரண்டாவது கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகிறேன். எந்த நூல்களைப் படிக்கலாம்? சமூக ஊடகங்களிலிருந்து விலகிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

ஊடகத்தில் இருப்பதும் விலகுவதும் உங்கள் விருப்பம். தடுமாறியதை மறைக்காமல் எழுதிய நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் தகவல் கேட்கிறீர்களே, அதுதான் எரிச்சலூட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு மூன்றாவது கேள்விவரை தாக்குப்பிடிப்பீர்கள், அவ்வளவுதான்.

இந்தக் கடல் பேச்சைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் பெரியப்பா திருவாரூர்ப் பக்கம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தார். மதகை எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். சென்னையிலிருந்து வந்த எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் உங்கள் வரியையே அவரிடம் முழங்கினார். பெரியப்பா மறுக்கவில்லை. "எந்த மாசத்துத் தண்ணியச் சொல்றீங்க மாப்ள?" என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை உடனே கர்நாடகத்தைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறக்கும் ஆண்டுகளில், கல்லணையில் பிரித்து முறைவைத்து விடும் நீர் கடைமடைக்குப் போய்ச்சேர்வதே பெரும்பாடு. அப்போது கடலுக்குப் போவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வடகிழக்குப் பருவமழையில் நிலைமை தலைகீழ். 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளும் மேட்டூர் நிரம்பி உபரி வரும் நாட்களில் மழையும் சேர்ந்துகொண்டால், தட்டையான டெல்டாவில் சம்பா வயல்கள் மூழ்கிக்கிடக்கும். அன்று விவசாயி தேடுவது பாசனத்தை அல்ல, வடிகாலை. அந்த உபரியைத் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில், வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் கிளையான கொள்ளிடத்துக்குத் திருப்பாவிட்டால் டெல்டா தாங்காது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஓடினால் ஒரே நாளில் 8.64 டி.எம்.சி. போகிறது, ஆனால் கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூர்–குமாரமங்கலத்தில் உள்ள கதவணையில் தேங்குவது ஒரு டி.எம்.சி.க்கும் குறைவு. தவிர, ஆற்றில் நன்னீர் வரத்து குறையும்போது முகத்துவாரம் வழியாக உப்புநீர் உள்ளே ஏறிவருகிறது. கடலோரக் கிணறுகளை நம்பியிருப்பவர்களிடம் போய் அந்த நீரை வீண் என்று சொல்லிப்பாருங்கள்.

கதவணையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. எந்த மாதம், எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்ற மூன்றையும் கேட்காமல் 'தடுத்தாலே போதும்' என்கிறீர்களே, அந்த 'போதும்' எங்கிருந்து வந்தது?

நூல்கள் இருக்கட்டும். அடுத்த வெள்ளத்தின்போது முக்கொம்பில் வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று நாளிதழில் பார்த்து, அதை ஒரு நாளின் வினாடிகளான 86,400ஆல் பெருக்கி எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.