ஏஜென்ட் இல்லாம டூவீலர் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நாமளே தயாராக முடியுமா?

முடியும்ங்க. நான் 42 வயசுல எடுத்தேன், அதுவும் கியர் வண்டிக்கு. மொத தடவ ஃபெயில், ரெண்டாவது தடவ பாஸ். நீங்க எட்டு போடறது (டெஸ்ட்ல 8 மாதிரி வளைச்சு ஓட்டிக் காட்டறது) எப்படி, எல்எல்ஆர் (பழகறதுக்கான தற்காலிக லைசென்ஸ்) வச்சுக்கிட்டு ரோட்ல பழகலாமா, ஏஜென்ட் கண்டிப்பா வேணுமான்னு மூணையும் ஒண்ணா கேட்டிருக்கீங்க, எனக்கு நடந்ததையே சொல்றேன், உங்களுக்கு ஆகறத எடுத்துக்கோங்க.

ஒரு உண்மைய சொல்லிடறேன். கல்யாணம் ஆன நாள்லருந்து எங்க வீட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்ல லைசென்ஸ் இல்லாமதான் கடைத்தெருவுக்கும் நடவு வயலுக்கும் போய்ட்டு வந்துட்டிருந்தேன். "நம்ம தெருதான, யாரு கேக்கப் போறா"ங்கற தைரியம்தான். அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் மருமகன் செக்கிங்ல மாட்டினாரு. 2019ல சட்டத்த திருத்தினதுக்கப்புறம் லைசென்ஸ் இல்லாம ஓட்டினா அபராதம் 5,000 ரூபா, தெரிஞ்சே வண்டிய குடுத்தவங்களுக்கும் தனியா 5,000 போடலாம். பதினெட்டு ஆகாத பசங்ககிட்ட வண்டிய குடுத்து அது ஏதாவது குத்தத்துல முடிஞ்சா அப்பா அம்மாவுக்கு 25,000 ரூபாயும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துலயே இருக்கு. எனக்கு அபராதத்த விட, ஏதாவது இடிச்சிட்டா இன்சூரன்ஸ்காரன் "ஓட்டினவங்ககிட்ட லைசென்ஸே இல்லையே"ன்னு நம்ம தலையில கட்டிருவானேங்கற பயம்தான் பெருசா இருந்துச்சு.

டிரைவிங் ஸ்கூல் ஒண்ணுல போய் கேட்டேன். "ஆறாயிரம் குடுங்கக்கா, டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வந்தா போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்"னாங்க. "மத்தத"ங்கறது என்னன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. சென்ட்ரல் விதில இருக்கற ஃபீஸ் எவ்ளோ தெரியுமா, எல்எல்ஆருக்கு 150, அதுக்கான டெஸ்ட்டுக்கு 50, ஓட்டற டெஸ்ட்டுக்கு 300, கார்டுக்கு 200. இதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ்னு கொஞ்சம் சேரும், அவ்ளோதான்.

பரிவாகன் சாரதிங்கற அரசாங்க சைட்ல நானே அப்ளை பண்ணேன். அங்க ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. ஒண்ணு, கியர் உள்ளதா கியர் இல்லாததான்னு கேக்கும். ஸ்கூட்டில டெஸ்ட் குடுத்து கியர் இல்லாததுக்கு மட்டும் வாங்கிட்டீங்கன்னா நாளைக்கு உங்க வீட்டு ஸ்ப்ளெண்டர எடுத்துட்டு தெருமுனை வரைக்கும் போனாக்கூட அது லைசென்ஸ் இல்லாம ஓட்டினதாதான் கணக்கு. ரெண்டாவது, 40 வயசு தாண்டினவங்களுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும், ஃபார்ம் 1ஏன்னு பேரு. எழுத்து டெஸ்ட் கம்ப்யூட்டர்ல, அறுபது சதவீதம் எடுத்தா பாஸ், சிக்னல் படங்கள ரெண்டு நாள் பாத்தா போதும், அதுக்கெல்லாம் பயப்படாதீங்க.

எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும், ஆனா 30 நாள் முடிஞ்சப்புறம்தான் ஓட்டற டெஸ்ட்டுக்கு ஸ்லாட் போட முடியும். நிறைய பேரு இந்த 30 நாள ஏதோ வெயிட்டிங் டைம்னு நெனச்சு எல்எல்ஆர பீரோல வச்சுட்டு டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டிய எடுக்கறாங்க. பழகறதுக்காகத்தான் அந்த 30 நாளே.

பழகறதுக்கும் விதி இருக்கு. முன்னாடியும் பின்னாடியும் வெள்ளை அட்டைல செவப்பு எல் இருக்கணும், அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கு குறையக்கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கணும். லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கூடவே இருந்து சொல்லித் தரணும். பின்னாடி உக்காரலாம்னா அது சொல்லித் தர்றவரு மட்டும்தான். என் பொண்ணு "அம்மா ஒரு ரவுண்டு"ன்னு ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சுட்டு இருந்தா, ஏத்தலயே. எனக்கு சொல்லித் தந்தது தம்பி. வண்டியும் அவன் ஸ்ப்ளெண்டர்தான்.

பழகின எடம் எங்க ஊர் அரிசி மில் களம். அறுவடை இல்லாத மாசத்துல காலியாத்தான் கெடக்கும், நல்ல சிமெண்ட் தரை, ஓனர் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டோம். ஆனா டெஸ்ட் கிரவுண்ட்ல எட்டு எவ்ளோ பெருசுன்னு தெரியாம எத பழகறது? அதனால ஒரு நாள் மதியம் டெஸ்ட் எல்லாம் முடிஞ்சப்புறம் அங்க போய், கேட்டுட்டு, அந்த எட்டு மேலயே நடந்து காலடியால அளந்துட்டு வந்தேன். மறுநாள் காலைல களத்துல அதே அளவுக்கு கோலமாவால எட்டு போட்டேன். தம்பி சிரிச்சான், "ஏக்கா புள்ளி வைக்கலயா"ன்னு. சிரிக்கட்டும், மாவு மேல டயர் தடம் அப்படியே விழுகுதுல்ல, எங்க வெளிய போனேன்னு எறங்கிப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

எட்டு போடறதுல வேகமா ஓட்டறது பெருசில்ல, மெதுவா ஓட்டறதுதான் கஷ்டம். ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச்ச முழுசா விடாம பாதில பிடிச்சு, ஆக்சிலேட்டர ஒரே அளவா லேசா வச்சுக்கணும், வேகத்த குறைக்கறதெல்லாம் கால் பிரேக்ல மட்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்க தொட்டீங்கன்னா வண்டி அந்தப் பக்கமே சாஞ்சிரும், எனக்கு முட்டி தேஞ்சதே அதுலதான். அப்புறம் கண்ணு. முன் சக்கரத்த பாத்தா அந்த எடத்துலயே தள்ளாடும். ஒரு வளைவுல நுழையும்போதே கழுத்த திருப்பி அடுத்த வளைவ பாக்கணும், வண்டி தானா பின்னாடி வரும். இத தம்பி நூறு தடவ சொன்னான், இருபது நாள் கழிச்சுதான் என் கழுத்துக்கு புரிஞ்சுது.

கை சிக்னலயும் விட்டுறாதீங்க. சிக்னல் காட்டற வலது கைதான் ஆக்சிலேட்டர் பிடிக்கற கையும், அத எடுத்த உடனே வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். கொஞ்சம் வேகம் ஏத்திட்டு, கிளட்ச்ச அமுக்கி உருள விட்டுட்டு, அப்புறமா கைய நீட்டிப் பழகுங்க.

டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி பேப்பரெல்லாம் எடுத்து வைக்கறேன், தம்பி வண்டி இன்சூரன்ஸ் முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு! நாலு நாளா அந்த வண்டிலதான் சட்டப்படி பழகறதா நெனச்சுட்டு இருந்திருக்கேன். அப்பவே உக்காந்து ஆன்லைன்ல கட்டினோம். வண்டி யார் பேர்ல இருந்தாலும் பரவால்ல, ஆனா ஆர்சி, இன்சூரன்ஸ், பொகை சர்டிஃபிகேட் மூணும் தேதி முடியாம இருக்கணும், இதெல்லாம் எல்எல்ஆர் வாங்கற அன்னைக்கே பாத்துருங்க.

டெஸ்ட் அன்னைக்கு எனக்கு முன்னாடி நின்ன பையன் ஹெல்மெட் இல்லாம வந்திருந்தான், டெஸ்ட் எடுக்கற பிரேக் இன்ஸ்பெக்டர் வரிசைலருந்தே திருப்பி அனுப்பிட்டாரு. நான் மொத வளையம் அழகா போட்டேன். ரெண்டாவதுல அவரு என்ன எழுதறாருன்னு ஒரு நொடி அவரு நோட்ட பாத்தேன், வண்டி அவரு பக்கமே திரும்புச்சு, கால் ஊனிட்டேன். "அடுத்த வாரம் வாங்கம்மா"ன்னாரு, அவ்ளோதான், திட்டெல்லாம் இல்ல. ஃபெயிலானா ஏழு நாள் கழிச்சு திரும்ப வரலாம்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா வெளிய கேட் பக்கத்துல ஒருத்தர் "நான் முடிச்சுத் தரேன்க்கா"ன்னு வந்தாரு பாருங்க, அழுத கண்ணோட நிக்கற நேரம் பாத்து வர்றாங்க. வேணாம்னுட்டு வந்துட்டேன்.

அந்த ஏழு நாளும் தம்பிய எட்டுக்கு நடுவுல நோட்டும் பேனாவுமா நிக்க வச்சுதான் ஓட்டினேன். ரெண்டாவது தடவ இன்ஸ்பெக்டர் மொகத்தையே பாக்கல, கேட்டா அவரு எப்படி இருப்பாருன்னுகூட இப்ப சொல்லத் தெரியாது.

கார்டு ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்கே வந்துச்சு. அப்ளை பண்ணும்போது கதவு நம்பரும் போன் நம்பரும் சரியா போடுங்க, எங்க தெருவுல ஒருத்தர் பழைய அட்ரஸ குடுத்துட்டு கார்டு திரும்பிப் போய் இன்னும் அலையறாரு.