மூன்று ‘நெகட்டிவ்’ என்றால் என்ன பொருள்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். 42 வயதான என் அக்கா அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) பருப்புத் தோல் உரிக்கும் வேலை பார்க்கிறார். இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டும், வலி இல்லாததால் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையில் மூன்று இடத்தில் ‘நெகட்டிவ்’ என்று இருந்ததைப் பார்த்து, நோய் இல்லை என்று நினைத்து அம்மா அன்றே பாயசம் வைத்தார். டாக்டரோ, மார்பகப் புற்றுநோயில் இதுதான் வேகமாகப் பரவும் வகை, இப்போது இரண்டாம் நிலையில் இருக்கிறது, முதலில் கீமோ, பிறகுதான் அறுவை சிகிச்சை என்கிறார். கட்டியை உடனே எடுக்காமல் வைத்திருப்பது ஆபத்து என்றும், இந்த வகைக்கு மருந்தே கிடையாது என்றும் சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். புதிய ஆராய்ச்சிகளில் எங்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி ஏதாவது உண்டா? எனக்கு வயது 36. எனக்கும் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, பாயசம் வைத்ததற்காக அம்மா வருந்த வேண்டாம். கொரோனா காலத்திலிருந்து ‘நெகட்டிவ்’ என்றால் நோய் இல்லை என்றே நம் காதுக்குப் பழகிவிட்டது. அக்காவின் அறிக்கையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (இந்த இரு ஹார்மோன்களையும் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்2 என்னும் புரதம் ஆகிய மூன்றும் அந்தப் புற்றணுக்களில் இல்லை என்பதையே அது தெரிவிக்கிறது. முதல் இரண்டில் ஒன்று இருந்தால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும், ஹெர்2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசியும் பயன்படும். மூன்றும் இல்லாதபோது இவை பயன்படாது. ‘மருந்தே கிடையாது’ என்ற பேச்சு இதிலிருந்து கிளம்பியதுதான். உலக அளவில் மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பெண்களில் 10 முதல் 15 பேருக்கு இந்த வகை காணப்படுகிறது. நம் நாட்டில் அந்த எண்ணிக்கை இன்னும் கூடுதல். ஹெர்2 மிகுந்த வகையைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே அச்சத்துடன்தான் பேசினார்கள். 1998இல் டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு அந்தப் பேச்சு மாறத் தொடங்கியது.

கீமோவை முதலில் கொடுப்பது காலதாமதம் அன்று. வேகமாகப் பெருகும் அணுக்களையே கீமோ மருந்துகள் அதிகம் தாக்கும் என்பதால், எந்த வேகத்தைக் கண்டு நீங்கள் அஞ்சுகிறீர்களோ அந்த வேகமே சிகிச்சைக்குத் துணையாகிறது. கட்டி உடலில் இருக்கும்போதே மருந்து கொடுத்தால் அது கரைகிறதா இல்லையா என்பதை மருத்துவர் கண்ணால் பார்க்க முடியும். பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவில் புற்றணு எதுவும் மிஞ்சவில்லை என்றால், நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மிச்சம் இருந்தாலும் வழி அடைபடுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் கேப்சிடபின் மாத்திரை கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்ததை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2017இல் காட்டியது.

நீங்கள் கேட்ட புதிய செய்திகளில் பெரிதாகப் பேசப்படுவது பெம்புரோலிசுமாப். புற்றணு போட்ட முகமூடியை அகற்றி, உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் காணச் செய்யும் மருந்து இது. அக்காவைப் போல இரண்டாம், மூன்றாம் நிலையில் இருந்த 1,174 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீமோவுடன் இதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இம்மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 86.6 பேரும், கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7 பேரும் உயிருடன் இருந்தனர். ஆனால் ஒரு தவணைக்கே லட்சக்கணக்கில் செலவாகும். தைராய்டு போன்ற சுரப்பிகளையும் இது பாதிக்கலாம். இதை வாங்க முடியவில்லையே என்று வீட்டில் யாரும் குற்ற உணர்வு கொள்ளக் கூடாது என்பதால், அடுத்த ஆய்வை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

அது மும்பை டாடா நினைவு மருத்துவமனை, நம் நாட்டுப் பெண்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு. வழக்கமான கீமோவுடன் கார்போபிளாட்டின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தைச் சேர்த்தபோது, 50 வயதும் அதற்குக் குறைவும் உள்ள பெண்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்குச் சுமார் 77 பேர் உயிருடன் இருந்தனர். சேர்க்காதவர்களில் அது சுமார் 66 பேர். அக்காவுக்கு வயது 42. ஆகவே, “கார்போபிளாட்டின் சேர்க்கிறீர்களா?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உங்களைப் பற்றிக் கேட்டதற்கு விடை அக்காவின் இரத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்களில், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் இருக்கிறதா என்று முதலில் அவருக்குப் பரிசோதிக்க வேண்டும். இருந்தால் ஓலாபரிப் மாத்திரை அவருக்குப் பயன்படக்கூடும். அதே மாற்றம் உங்களிடம் இருப்பதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு, அப்போது நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முடிவு எதுவானாலும், உங்கள் மார்பில் மாற்றம் ஏதும் தெரிந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் பார்ப்பதா, நெய்யூர் மருத்துவமனையிலா, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போவதா என்று நம் வீடுகளில் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதுண்டு. இரண்டாவது கருத்துக் கேட்பது சரிதான், அதைச் சில நாள்களுக்குள் முடித்துவிட்டு ஓரிடத்தில் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே கொண்டுபோங்கள். இந்த வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில் திரும்பும். ஐந்தாண்டு கடந்தவர்களுக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். எனவே அந்த முதல் ஆண்டுகளில் மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கீமோ தொடங்கும் முன், கட்டிக்குள் அரிசிமணியைவிடச் சிறிய உலோக அடையாளம் ஒன்றை ஊசி வழியாக வைப்பார்கள். அக்கா அதைக் கண்டு பயப்படாமலிருக்கக் காரணத்தை முன்பே சொல்லிவிடுங்கள்: மருந்தில் கட்டி முழுவதும் கரைந்துபோனால், அது இருந்த இடம் எது என்று அறுவை செய்பவருக்குத் தெரிய வேண்டும்.