நீடிலைத் திருகும் முன் டேங்கைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிடுகிறவர்கள் எரிபொருள் டேங்க் பற்றிக் கேட்டவை.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அண்ணே, மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் 40 சைஸ் க்ளோ என்ஜின். தரையில் ஜோராக ஓடுகிறது. மேலே ஏற்றினால் அணைந்துவிடுகிறது. எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகை இன்னும் எவ்வளவு திறக்கலாம்?

தம்பி, நீடிலைத் தொடாதீர்கள். போன தடவை மூக்குக் குத்தி இறங்கியதா? அப்படியென்றால் டேங்குக்குள் டியூப் நுனியில் தொங்கும் உறிஞ்சு குண்டு முன்பக்கம் மடங்கிக் கிடக்கும். மூக்கு உயர்ந்ததும் எரிபொருள் பின்னால் ஓடிவிடும்; குண்டு முன்னால் காற்றைத்தான் உறிஞ்சும். கழற்றிப் பாருங்கள். குண்டுக்கும் பின்சுவருக்கும் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். டேங்கைக் கவிழ்த்து ஆட்டினால் குண்டு எல்லாப் பக்கமும் விழுந்து ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். அதுவும் சரியென்றால் உள் டியூபில் பொத்தல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு ஞாயிறு முழுக்க நீடிலைத் திருகித் திருகி ஓய்ந்துபோனேன். கடைசியில் பார்த்தால் பித்தளைக் குழாயின் பிசிறு டியூபை ஊசிமுனை அளவுக்குக் கிழித்திருந்தது. குழாயை வெட்டியதும் முனையை அரத்தால் தேய்த்திருந்தால் அந்த ஞாயிறு பிழைத்திருக்கும்.

நெல்லிக்குப்பம்: டேங்க் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் ஜெட்டுக்கு (எரிபொருள் வரும் துளைக்கு) நேராக, அல்லது 6 முதல் 10 மில்லிமீட்டர் கீழே. மேலே வைத்தால் என்ஜின் நிற்கும்போதே எரிபொருள் வழிந்து உள்ளே போகும்.

பாகூர்: டியூபில் குமிழி குமிழியாக வருகிறதே?

அதிர்வில் எரிபொருள் நுரைக்கிறது. டேங்க் மரச்சட்டத்தில் இடிக்காமல் சுற்றிலும் ஸ்பான்ஜ் வையுங்கள். அப்புறமும் வந்தால் மற்றக் குழாய்களை அடைத்து, ஒன்றின் வழியாக ஊதி, தண்ணீர் வாளியில் முக்குங்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். பெரும்பாலும் ரப்பர் கார்க் ஓரத்தில்தான் கசியும்.

வில்லியனூர்: பெட்ரோல் என்ஜினுக்கு மாறுகிறேன். பழைய சிலிக்கான் டியூப் போதுமா சார்?

போதாது. பெட்ரோலில் சிலிக்கான் ஊதிப்போய்க் கழன்றுவிடும். பெட்ரோல் தாங்கும் டைகான் டியூப் போடுங்கள், கார்க்கும் அதற்கேற்றதாக.

கடலூர் முதுநகர்: மிச்ச எரிபொருளை டேங்கிலேயே விடலாமா? இல்லை, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கட்டுமா?

இரண்டுமே கூடாது. க்ளோ எரிபொருளிலுள்ள மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். பறந்து முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, டியூபிலும் மிச்சமில்லாமல் என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பாட்டில் விஷயம் இன்னும் மோசம். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். கொஞ்சம் உள்ளே போனாலே கண் போய்விடும். வந்த கேனிலேயே, மூடியை இறுக்கி, மேலே ‘விஷம்’ என்று எழுதி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதால், ஊற்றும்போது பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவும் விடாதீர்கள்.